மருத்துவக் கருவிகளுக்கு வரி: புதுக் கண்டுபிடிப்பும் வேலைவாய்ப்பும் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மாவின் கைப்பையில் ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் நடுவே இன்னொரு அட்டை இருக்கிறது. இதயத் துடிப்பைச் சீராக வைக்க அவர் மார்பில் பொருத்தியிருக்கும் பேஸ்மேக்கரின் மாடல், வரிசை எண், பொருத்திய தேதி, தயாரித்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் எல்லாம் அதில் உண்டு. விமான நிலையத்தில் அதை நீட்டினால் சோதனைக் கதவு வழியாகப் போகாமல் தனியே அனுப்புவார்கள். நான் கணக்கு, வரி சார்ந்த வேலையில் இருப்பவன். இப்படிப்பட்ட ஒரு பெட்டியைச் செய்பவர்கள் மீது அமெரிக்கா 2013ல் தனியாக ஒரு வரி போட்டது என்று தெரிந்ததும் அதை விடாமல் படிக்க ஆரம்பித்தேன். இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர்கள் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

அது என்ன வரி? எப்போது வந்தது, எப்போது போனது?

2.3 சதவீத கலால் வரி. ஒபாமாகேர் என்று நாம் சொல்லும் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியாக 2010 மார்ச்சில் சட்டமானது. 2013 ஜனவரி 1 முதல் வசூல் தொடங்கியது. 2016, 2017 இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்தார்கள். பிறகு 2018, 2019க்கும் நிறுத்தி வைத்தார்கள். 2019 டிசம்பர் 20 அன்று முழுவதுமாக ரத்து செய்தார்கள். ஆக, உண்மையில் வசூலானது மூன்றே ஆண்டுகள்.

எதற்காகப் போட்டார்கள்?

கோடிக்கணக்கானோருக்குப் புதிதாகக் காப்பீடு கொடுக்கப் பணம் வேண்டியிருந்தது. காப்பீடு பெருகினால் மருத்துவமனைக்கு வருபவர்கள் பெருகுவார்கள், கருவி விற்பனையும் பெருகும், அந்த ஆதாயத்தில் ஒரு பங்கை நீங்களும் கொடுங்கள் என்பது அரசின் வாதம். மருந்துக் கம்பெனிகள், காப்பீட்டு நிறுவனங்கள் மீதும் இதே நியாயத்தைச் சொல்லிக் கட்டணம் விதித்தார்கள். கருவிக்காரர்களிடமிருந்து பத்தாண்டுகளில் 4,000 கோடி டாலர் வாங்கலாம் என்பது முதல் யோசனை. பேரம் பேசி அது 2,000 கோடியாகக் குறைந்தது.

இந்த நியாயத்தில் ஓர் ஓட்டை உண்டு. செயற்கை இடுப்பு மூட்டு, பேஸ்மேக்கர், இதய வால்வு இவற்றை வைத்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் 65 வயது கடந்தவர்கள். அவர்களுக்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு 1960களிலிருந்தே இருக்கிறது. புதுக் காப்பீட்டால் அந்த வகைக் கருவிகளுக்கு வாடிக்கையாளர் கூட்டம் ஒன்றும் புதிதாக வந்துவிடாது.

எல்லாக் கருவிகளுக்கும் வரி உண்டா?

இல்லை. மூக்குக் கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ், காது கேட்கும் கருவி, பொதுமக்கள் கடையில் தாங்களே வாங்கும் பொருட்கள் இவற்றுக்கு விலக்கு. ஸ்டென்ட், எம்.ஆர்.ஐ. இயந்திரம், அறுவை சிகிச்சைக் கருவிகள் போன்றவற்றுக்கு வரி. இறக்குமதியாகி வந்தால் இறக்குமதி செய்பவர் கட்ட வேண்டும். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் கருவிக்கு வரி கிடையாது. அதனால் இந்தியாவில் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்ட யாருடைய பில்லிலும் இந்த 2.3 சதவீதம் நேரடியாக ஏறியிருக்காது.

வெறும் 2.3 சதவீதம்தானே? இதற்கா இவ்வளவு கூச்சல்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. 2.3 என்ற எண்ணை விட, அது எதன் மீது விழுகிறது என்பதுதான் முக்கியம். வருமான வரி லாபத்தின் மீது வரும். இது விற்பனை மீது வந்தது. லாபமோ நஷ்டமோ, விற்றால் கட்டு.

இரண்டு கற்பனைக் கம்பெனிகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ஒரு சிறு ஸ்டார்ட்அப். பத்து வருடம் பாடுபட்டு, மருந்துகளையும் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி வாங்கி, ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு விற்பனை செய்ய ஆரம்பித்திருக்கிறது. சம்பளம், மருத்துவச் சோதனை, விற்பனைச் செலவு எல்லாம் சேர்ந்து 1 கோடியே 20 லட்சம் டாலர். 20 லட்சம் நஷ்டம். வருமான வரி பூஜ்யம். ஆனால் கலால் வரி 2.3 லட்சம் டாலர் கட்டியாக வேண்டும். கையில் இல்லாத லாபத்துக்காக முதலீட்டாளர் கொடுத்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அங்கே அது ஓரிரு பொறியாளர்களின் ஆண்டுச் சம்பளம்.

இரண்டாவது, ஒரு பெரிய கம்பெனி. அமெரிக்காவுக்குள் 500 கோடி டாலர் விற்பனை, அதில் 20 சதவீதம் லாபம், அதாவது 100 கோடி. கலால் வரி 11.5 கோடி. இந்த வரியைச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். அப்போதைய 35 சதவீத வருமான வரி விகிதத்தில் பார்த்தால் உண்மைச் சுமை ஏறக்குறைய 7.5 கோடிதான். வலிக்கும், ஆனால் தாங்கும்.

நஷ்டத்தில் ஓடும் சிறு கம்பெனிக்கு அந்தக் கழிவால் உடனடிப் பயன் எதுவும் இல்லை. லாபம் 5 சதவீதம் மட்டும் உள்ள கம்பெனி என்றால், விற்பனையில் 2.3 என்பது லாபத்தில் 46 சதவீதம். ஒரே விகிதம், ஆனால் வலுத்தவனுக்கு லேசாகவும் இளைத்தவனுக்குப் பாரமாகவும் விழுந்தது. எனக்கு இந்த வரியின் மேல் இருக்கும் முதல் குறை இதுதான்.

சரி, புதுக் கண்டுபிடிப்பை இது எப்படித் தடுக்கும்?

மருத்துவக் கருவிகளில் புதுமை எங்கே பிறக்கிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் 1949ல் ஏர்ல் பேக்கன் என்பவரும் அவர் மைத்துனர் பாமர் ஹெர்மண்ட்ஸ்லியும் ஒரு கார் ஷெட்டில் மருத்துவ இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கடை தொடங்கினார்கள். முதல் மாத வருமானம் 8 டாலர். அப்போதைய பேஸ்மேக்கர்கள் சுவரில் பிளக் செருகி ஓடுபவை. 1957 அக்டோபர் 31 அன்று நகரில் மின்சாரம் போனது. மின்சாரம் இருந்தால்தான் துடிக்கும் இதயங்களோடு குழந்தைகள் வார்டில் படுத்திருந்தார்கள். மினசோட்டா பல்கலைக்கழக இதய அறுவை நிபுணர் வால்டன் லில்லிஹை, பேக்கனைக் கூப்பிட்டு வேறு வழி கேட்டார். மெட்ரோனோம், அதாவது இசை பழகுபவர்கள் தாளத்துக்கு வைத்துக்கொள்ளும் கருவி. அதற்கான டிரான்சிஸ்டர் சுற்று ஒன்றை ஒரு மின்னணுப் பத்திரிகையில் பார்த்தது பேக்கனுக்கு ஞாபகம் வந்தது. ஏறக்குறைய நான்கு வாரத்தில், கையடக்கமாக, பேட்டரியில் ஓடும் பெட்டி தயார். ஆய்வகத்தில் நாயிடம் சோதித்துப் பார்க்கக் கொடுத்துவிட்டு வந்தவர், மறுநாள் போனபோது அது ஒரு குழந்தையின் மேல் பொருத்தப்பட்டிருப்பதைக் கண்டார்.

அந்தக் கடைதான் மெட்ரானிக். 1960களின் தொடக்கத்தில், பேஸ்மேக்கர் விற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே, அது திவாலாகும் நிலைக்கு வந்து தப்பியது. விற்பனை உண்டு, லாபம் இல்லை. விற்பனை மீதான வரி ஒரு கம்பெனியை மிகக் கடுமையாகத் தாக்கும் கட்டம் அதுதான்.

இது ஊகம் மட்டுமல்ல. 2018ல் வெளிவந்த ஒரு கல்விப்புல ஆய்வு, வரி அமலான பிறகு கருவி நிறுவனங்களின் ஆராய்ச்சி முதலீடும் விற்பனை வருவாயும் குறைந்ததாகக் கண்டறிந்தது.

ஆனால் எல்லாப் பழியையும் இந்த வரி மேல் போடவும் எனக்கு மனம் இல்லை. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு துணிகர முதலீட்டாளர்கள் கருவித் துறையிலிருந்து ஏற்கெனவே ஒதுங்க ஆரம்பித்திருந்தார்கள். எஃப்.டி.ஏ. அனுமதிக்கு ஆகும் காலமும் செலவும் அவர்களுக்குப் பெரிய கவலை. ஒரு புதுக் கருவி ஐடியாவிலிருந்து நோயாளி வரை வரப் பல ஆண்டுகள் ஆகும். அந்த நீண்ட பாதையில் இந்த வரி கடைசிக் கட்டத்தில் விழும் ஒரு கல். முழுப் பாதையையும் அடைத்த பாறை என்று சொல்ல முடியாது.

எத்தனை பேருக்கு வேலை போனது?

இங்கேதான் எண்கள் தாறுமாறாகப் பறந்தன. கருவித் தயாரிப்பாளர்களின் சங்கமான அட்வாமெட்டுக்காக 2011ல் செய்யப்பட்ட ஆய்வு, 43,000 வேலைகள் வரை போகலாம் என்றது. அந்த எண் எப்படி வந்தது என்று யாரும் நின்று பார்க்கவில்லை. வரியைத் தாங்காமல் நிறுவனங்கள் உற்பத்தியில் 10 சதவீதத்தை வெளிநாட்டுக்கு மாற்றிவிடும் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. ஊகத்தை உள்ளே போட்டார்கள், ஊகம் வெளியே வந்தது.

மறுபக்கம், அமெரிக்க நாடாளுமன்றத்தின் சொந்த ஆய்வுப் பிரிவான சி.ஆர்.எஸ்., உற்பத்தியிலும் வேலையிலும் ஏற்படும் இழப்பு 0.2 சதவீதத்தைத் தாண்டாது என்றது. ஆட்களாகச் சொன்னால் 47 முதல் 1,200 பேர் வரை. காரணமும் சொன்னது: ஸ்டென்ட் வேண்டுமா வேண்டாமா என்று 2.3 சதவீத விலை உயர்வைப் பார்த்து எந்த டாக்டரும் முடிவு செய்வதில்லை. தேவை குறையாது, ஆகவே உற்பத்தி குறையாது, ஆகவே வேலையும் பெரிதாகக் குறையாது.

பிற்காலத்தில் சங்கம் இன்னொரு எண்ணைச் சொன்னது. அரசின் வணிகத் துறைப் புள்ளிவிவரப்படி, வரி இருந்த காலத்தில் ஏறக்குறைய 29,000 வேலைகள் குறைந்தன என்று. அதே காலத்தில் கம்பெனிகள் ஒன்றையொன்று வாங்கி இணைந்தன, மருத்துவமனைகள் விலையை அடித்துப் பேசின, தானியங்கி இயந்திரங்கள் வந்தன. ஒரே காலத்தில் நடந்தது என்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது.

என் தீர்ப்பைக் கேட்டால், 43,000 ஊதிப் பெருக்கியது. சி.ஆர்.எஸ். சொன்னது மொத்தக் கணக்குக்குப் பெரும்பாலும் சரி. ஆனால் அந்தச் சராசரிக்குள் சிறு கம்பெனிகளில் போன வேலையும், பிறக்காமலே போன வேலையும் மறைந்துவிடுகின்றன.

கம்பெனிகள் வெளிப்படையாகவே ஆள் குறைத்தனவே?

ஆம். மிச்சிகனின் கலமசூ நகரைச் சேர்ந்த ஸ்ட்ரைக்கர், 2011 நவம்பரில் தன் ஊழியர்களில் 5 சதவீதத்தைக் குறைப்பதாக அறிவித்தபோது வரவிருந்த இந்த வரியையும் காரணமாகச் சொன்னது. இண்டியானாவின் குக் மெடிக்கல், அடுத்த ஐந்தாண்டுகளில் கட்டுவதாக இருந்த ஐந்து சிறு தொழிற்சாலைகளின் திட்டத்தை 2012ல் நிறுத்தியது.

இரண்டையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். எந்த நிறுவனமும் ஆள் குறைக்கும்போது அரசின் மேல் பழி போடுவது வசதி. குக் சொன்னது வேறு வகை. இருக்கும் வேலை போகவில்லை, வரவேண்டிய வேலை வரவில்லை. வேலைநீக்கத்துக்குக் கடிதம் உண்டு, எண் உண்டு, செய்தி உண்டு. கட்டப்படாத தொழிற்சாலை வாசலில் நிற்க யாரும் இல்லை. இண்டியானாவிலேயே வார்சா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1895ல் டிப்யூ என்ற எலும்பு சிகிச்சைக் கருவிக் கம்பெனி அங்கே தொடங்கியது. அதிலிருந்து வெளியே வந்த ஜஸ்டின் ஜிம்மர் 1927ல் தனிக் கம்பெனி ஆரம்பித்தார். 1977ல் பயோமெட் பிறந்தது. உலகின் செயற்கை மூட்டுகளில் பெரும்பங்கு அந்தச் சின்ன ஊரின் கம்பெனிகளுடையது. ஒரு பட்டறையிலிருந்து இன்னொன்று கிளைப்பதுதான் இந்தத் தொழிலில் வேலை பெருகும் விதம். அந்தக் கிளை வருகிறதா, கருகுகிறதா என்பது எந்த ஆய்வு அட்டவணையிலும் வராது.

வரிக்குப் பயந்து வெளிநாட்டுக்குப் போனார்களா?

இந்த வரிக்காகப் போயிருந்தால் அது வீண் வேலை. அயர்லாந்தில் செய்து அமெரிக்காவில் விற்றாலும் 2.3 சதவீதம். அமெரிக்காவில் செய்து அயர்லாந்தில் விற்றால் பூஜ்யம். எங்கே செய்கிறார்கள் என்பதை வரி பார்க்கவில்லை, எங்கே விற்கிறார்கள் என்பதைத்தான் பார்த்தது. 2015 ஜனவரியில் கொவிடியன் என்ற கம்பெனியை வாங்கி மெட்ரானிக் தன் சட்டப்பூர்வத் தலைமையகத்தை அயர்லாந்தின் டப்ளினுக்கு மாற்றியது. அப்போது பலர் கலால் வரியோடு முடிச்சுப் போட்டார்கள். தவறு. வெளிநாட்டில் குவிந்திருந்த பணம், வருமான வரி விதிகள் இவைதான் அந்தக் கதையின் மையம்.

கடைசியில் நோயாளிதானே கட்டியிருப்பார்?

ஓரளவுக்கு. 2013ல் சில விற்பனையாளர்கள் இன்வாய்ஸில் இதைத் தனியே காட்டி ஏற்றிப் பார்த்தார்கள். மருத்துவமனைச் சங்கங்கள் கொதித்தெழுந்தன. ‘காப்பீடு பெருக நாங்களும் எங்கள் பங்கைக் கொடுத்தாயிற்று, உங்கள் பங்கையும் எங்கள் தலையில் கட்டாதீர்கள்’ என்பது அவர்கள் வாதம். அமெரிக்க மருத்துவமனைகள் கூட்டாகச் சேர்ந்து கொள்முதல் செய்பவை. நூறு கம்பெனிகள் ஒரே மாதிரிச் செய்யும் பொருளுக்கு அவர்களிடம் விலை ஏற்ற முடியாது. வேறு யாரிடமும் கிடைக்காத கருவி வைத்திருப்பவர் ஏற்றிவிடலாம். புதிதாக நுழைந்து, முதல் ஆர்டருக்காகக் காத்திருக்கும் சிறு கம்பெனி தானே சுமக்க வேண்டியதுதான்.

கட்சிகள் என்ன நிலை எடுத்தன?

கட்சியை விட மாநிலம் முக்கியமாக இருந்தது. ஒபாமாவின் கட்சியைச் சேர்ந்த, ஆனால் மினசோட்டாவிலிருந்து வந்த செனட்டர்கள் ஏமி குளோபுஷாரும் அல் ஃபிராங்கனும் ரத்து கேட்டார்கள். கம்பெனிகளை வெளுத்து வாங்கும் செனட்டர் எலிசபெத் வாரனும் கேட்டார். அவர் மாநிலமான மாசசூசெட்ஸில் கருவித் தொழில் பெரிது. 2013 மார்ச்சில் செனட்டில் 79க்கு 20 என்று ரத்துக்கு ஆதரவாக வாக்கு விழுந்தது. சட்டமாகாத, கருத்தைக் காட்டும் வாக்கு மட்டும். கீழவையில் 2012லும் 2015லும் ரத்து மசோதா நிறைவேறியது. ஆனாலும் வருவாய்க்கு மாற்று என்ன என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. ரத்தால் பத்தாண்டுகளில் 2,500 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்று 2019ல் மதிப்பிட்டார்கள்.

நிறுத்தி வைத்ததே போதாதா? ரத்து ஏன் வேண்டும்?

கணக்குப் பிள்ளையாகச் சொல்கிறேன், நிறுத்தி வைப்பது தனி வேதனை. 2018 ஜனவரி 1 அன்று வரி மீண்டும் உயிர் பெற்றது. ஜனவரி 22 அன்று மறுபடி நிறுத்தினார்கள், முன்தேதியிட்டு. நடுவில் அந்த மூன்று வாரம் ஒவ்வொரு கம்பெனியின் கணக்குப் பிரிவிலும் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பில் போடும் மென்பொருளில் வரியைத் திரும்ப ஏற்ற வேண்டும், எந்தப் பொருளுக்கு உண்டு எதற்கு இல்லை என்று பட்டியல் புதுப்பிக்க வேண்டும், மாதம் இருமுறை கட்டும் தவணைக்குப் பணம் ஒதுக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

ஆராய்ச்சித் திட்டம் ஐந்தாண்டு, ஏழாண்டு என்று போடுவது. இரண்டாண்டுக்கு ஒருமுறை வரி வரும், போகும் என்றால் எச்சரிக்கையான முதலாளி வரி வரும் என்று வைத்துத்தான் பட்ஜெட் போடுவார். வசூலாகாத ஆண்டிலும் அந்த வரி ஆராய்ச்சிப் பணத்தைத் தின்றிருக்கும், அரசுக்கு ஒரு காசும் வராமல்.

ரத்தானதும் வேலைகள் திரும்பி வந்தனவா?

2019 டிசம்பரில் ரத்து. மூன்றே மாதத்தில் கொரோனா. அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போய் மூட்டுக் கம்பெனிகள் படுத்தன, வென்டிலேட்டர்க்காரர்கள் இரவு பகலாக ஓட்டினார்கள். அந்தக் குழப்பத்தில் ரத்தின் பலனைத் தனியாகப் பிரித்துச் சொல்பவரை நம்பாதீர்கள்.

இந்தியாவில் இப்படி ஒரு வரி உண்டா?

நெருங்கிய உறவு ஒன்று உண்டு. 2020 பட்ஜெட்டில் இறக்குமதியாகும் மருத்துவக் கருவிகள் மீது 5 சதவீத சுகாதார செஸ் போட்டார்கள். பின்தங்கிய மாவட்டங்களில் மருத்துவமனை கட்ட என்று காரணம் சொன்னார்கள். உள்நாட்டு உற்பத்தியாளருக்கு அது கேடயமும்கூட.

ஜி.எஸ்.டி. வேறு ரகம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான கருவிகளுக்கு அது 5 சதவீதமாகக் குறைந்தது. நோயாளிக்கு நல்ல செய்தி. மருத்துவமனைச் சேவைக்குப் பெரும்பாலும் ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால், கருவி வாங்கும்போது கட்டிய வரியை மருத்துவமனை திரும்ப எடுக்க முடியாது, அது பில்லில்தான் வந்து உட்காரும். உற்பத்தியாளர் பக்கம் வேறொரு சிக்கல். பல மூலப்பொருட்களுக்கு 18 சதவீதம் கட்டி வாங்கி, 5 சதவீதத்தில் விற்கும்போது வித்தியாசம் அரசிடம் தேங்கும். ரீஃபண்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமாக 1992ல் தொடங்கிய ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டு விலையில் ஒரு சிறு பங்குக்குச் செய்து காட்டியது. அந்த வழியில் இன்று புதிதாக வரும் ஒரு சிறு கம்பெனிக்கு, ரீஃபண்டில் மாட்டியிருக்கும் பணம் என்பது அடுத்த இயந்திரமோ அடுத்த பொறியாளரோதான்.

அப்படியானால் இந்தத் துறைக்கு வரியே போடக்கூடாதா?

போடலாம். ஏழைக்குக் காப்பீடு கொடுக்கப் பணம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும், கருவிக் கம்பெனிகளில் பல கொழுத்த லாபம் பார்ப்பவை. லாபத்தின் மீது போடுங்கள். விற்பனை மீதுதான் என்றால் ஒரு வரம்பு வைத்து, அதற்குக் கீழே உள்ளவர்களை விடுங்கள். இதே சட்டத்தில் மருந்துக் கம்பெனிகளுக்கான கட்டணம், விற்பனை ஏற ஏற விகிதமும் ஏறும்படி அமைக்கப்பட்டது. சிறியவர்களுக்கு அதில் இடம் இருந்தது. கருவிக்காரர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 2.3 என்று ஏன் வைத்தார்கள் என்பதற்கு நான் படித்தவரையில் ஒப்புக்கொள்ளும்படியான விளக்கம் எங்கும் கிடைக்கவில்லை.

மூன்றாண்டு கட்டிய பணம் திரும்பக் கிடைத்ததா?

இல்லை. நிறுத்தி வைத்ததும் ரத்தும் சேர்ந்து 2015 டிசம்பர் 31க்குப் பிந்தைய விற்பனையைத்தான் வரியிலிருந்து விடுவித்தன. 2013 முதல் 2015 வரை ஆண்டுக்கு 200 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாக வசூலானது அரசுக் கஜானாவில் சேர்ந்தது சேர்ந்ததுதான். பெரிய கம்பெனிகள் அதைச் செலவுக் கணக்கில் எழுதி வருமான வரியில் கழித்துக்கொண்டன. நஷ்டத்திலேயே இருந்து, லாபம் பார்க்கும் முன் மூடிய கம்பெனிக்குக் கழித்துக்கொள்ள எதுவும் இல்லை.